ஒற்றை எண்ணை வைத்துக் கருவைத் தீர்மானிக்கலாமா?

காலையில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்க்க மறுநாள்தான் டோக்கன். நாள் தள்ளிப்போன பெண்ணும் அவர் கணவரும் அன்றிரவு முழுக்க ‘பீட்டா எச்சிஜி’ என்ற வரிக்கு நேரே இருக்கும் எண்ணையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். 184 என்று இருக்கிறது. நல்லதா, கெட்டதா? கீழே ஓர் அட்டவணை; எந்த வாரத்துக்கு எவ்வளவு இருக்கலாம் என்று. அதில் தங்கள் வாரத்தைத் தேடிப் பொருத்திப் பார்க்கிறார்கள். குறைவாகத் தெரிகிறது. கூகுளில் தேடினால் இன்னும் பயம். விடிவதற்குள் மனதளவில் அந்தக் கருவை இழந்தே விடுகிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம்.

இந்தப் பரிசோதனை மகப்பேறு மருத்துவத்துக்குக் கிடைத்த அருமையான கருவிகளில் ஒன்று. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால், அதை ஒரே ஒரு முறை எடுத்து, விளக்கிச் சொல்ல ஆளில்லாத நேரத்தில், வெறும் எண்ணாக ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிடுவது தவறு. வேண்டாத அழுகைக்கும், சில சமயம் வேண்டாத ‘க்ளீனிங்’குக்கும், அதைவிட ஆபத்தான வேண்டாத நிம்மதிக்கும் அந்த ஒற்றை எண் வழிவிடுகிறது.

முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்ப்போம். கரு கருப்பைச் சுவரில் பதிந்ததும், பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளரப்போகும் செல்கள் எச்சிஜி என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. கருமுட்டை வெளியேறிய 6 முதல் 12 நாட்களுக்குள் கரு பதிகிறது. அதையொட்டி இந்த ஹார்மோன் ரத்தத்தில் தலைகாட்டுகிறது. முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் எஞ்சி நிற்கும் ஒரு திசு, கருவைத் தாங்குவதற்கான புரோஜெஸ்டிரானைச் சுரந்துகொண்டிருக்கும். வழக்கமான மாதத்தில் அது இரண்டு வாரத்தில் வாடிவிடும், மாதவிலக்கு வரும். கரு பதிந்த மாதத்தில் அதை வாடவிடாமல் பார்த்துக்கொள்வது எச்சிஜி. நஞ்சுக்கொடி வளர்ந்து அந்த வேலையைத் தானே ஏற்றுக்கொள்ளும்வரை இந்தக் காவல் தேவை. அதனால்தான் முதல் வாரங்களில் அது மளமளவென ஏறி, 8 முதல் 11 வாரங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. மூன்றாம் மாதம் முடியும்போது எண் குறைந்திருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. அப்போது அது இறங்கத்தான் செய்யும்.

5க்குக் கீழே இருந்தால் கர்ப்பம் இல்லை; 25க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் உண்டு; நடுவில் இருந்தால் மீண்டும் எடுக்க வேண்டும். தனித்து நிற்கும் ஓர் எண்ணிலிருந்து உறுதியாகச் சொல்ல முடிவது கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

இப்போது அந்த அட்டவணைக்கு வருவோம். பரவலாக அச்சிடப்படும் அட்டவணை ஒன்றின்படி 4 வாரத்துக்கு 5 முதல் 426 வரை இருக்கலாம். 5 வாரத்துக்கு 18 முதல் 7,340 வரை. 6 வாரத்துக்கு 1,080 முதல் 56,500 வரை. ஐந்தாவது வாரத்தின் மேல் எல்லை, கீழ் எல்லையைப் போல 400 மடங்குக்கும் அதிகம். 184 என்ற எண் நான்காவது வாரத்திலும் அடங்குகிறது, ஐந்தாவது வாரத்திலும் அடங்குகிறது. இவ்வளவு அகலமான கணக்கை வைத்துக்கொண்டு ‘எனக்குக் குறைவாக இருக்கிறது’ என்று யாரும் முடிவுகட்ட முடியாது.

வாரக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறோம். 28 நாள் சுழற்சி, 14ஆம் நாள் வாக்கில் முட்டை வெளியேறும் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பிசிஓடி இருக்கும் பெண்ணுக்கு 40 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முட்டை வெளியேறுவது 26ஆம் நாள் வாக்கில் இருக்கும். நோட்டில் 6 வாரம் என்று எழுதியிருந்தால், அவருடைய கரு வளர்ந்திருப்பது 4 வாரம் சொச்சத்துக்கு உரிய அளவுதான். 6 வாரத்துக்கான கட்டத்தில் அவருடைய எண்ணைத் தேடினால் கிடைக்காது. கருவில் கோளாறு எதுவும் இல்லை; தவறு தேதிக் கணக்கில். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கூட்டம் நிறைந்த ஓபி அறையில் அந்த ஒரு நிமிடம் பலருக்குக் கிடைப்பதில்லை.

அதனால்தான் மருத்துவர்கள் 48 மணி நேரம் கழித்து இரண்டாவது முறை ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். அங்கேதான் இந்தப் பரிசோதனைக்கு உயிர் வருகிறது. எண் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதே அதிகம் சொல்லும். ஆனால், அந்த இடத்திலும் ஒரு பழைய விதி நம்மைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. ‘ரெண்டு நாளில் டபுள் ஆகணும்.’

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திங்கள் காலை 9 மணிக்கு 184. புதன் காலை 9 மணிக்கு 296. இரட்டிப்பாகியிருந்தால் 368 வந்திருக்க வேண்டும், 72 குறைகிறது. வீட்டில் எல்லோருடைய முகமும் வாடிவிடுகிறது. ஆனால், கூடியிருப்பது 112. அதாவது 61 சதவீத உயர்வு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, தொடக்க எண் 1,500க்குக் கீழே இருந்தால் இரண்டு நாளில் குறைந்தது 49 சதவீதம் ஏறினால் போதும். 1,500 முதல் 3,000 வரை இருந்தால் 40 சதவீதம். 3,000க்கு மேல் 33 சதவீதம். எண் பெரிதாகப் பெரிதாக வேகம் குறைவது இயல்பு. அந்தத் திங்கள் – புதன் கணக்கில் வரும் பெண்ணின் ரத்தம் ஆரோக்கியமான கர்ப்பத்தின் எல்லைக்குள்தான் ஓடுகிறது.

இரட்டிப்புப் பயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1981இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு நாளில் குறைந்தது 66 சதவீத உயர்வு வேண்டும் என்றது. அந்த அளவுகோல் 20 பெண்களை வைத்து உருவானது. அதன் கணக்குப்படியே நூறு நல்ல கர்ப்பங்களில் 15 அந்தக் கோட்டுக்குக் கீழே விழும். 2004இல் இன்னும் அதிகமான பெண்களை வைத்துப் பார்த்தபோது 53 சதவீத வேகத்தில் ஏறிய கர்ப்பங்களும் நல்லபடியாக வளர்ந்தது தெரிந்தது. அளவுகோல் இறங்கிவிட்டது, நம் பேச்சிலும் பல மருந்துச் சீட்டுகளிலும் பழைய விதி மட்டும் அப்படியே நிற்கிறது.

இரண்டு ரத்தமும் ஒரே ஆய்வகத்தில் எடுக்கப்பட வேண்டும். கருவிக்குக் கருவி, கிட்டுக்கு கிட் எண் மாறும். முதல் ரத்தம் ஈரோட்டில், இரண்டாவது பிறந்த ஊரான தாராபுரத்தில் என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை. நேரமும் முக்கியம். 36 மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தை 48 மணி நேரக் கணக்கில் போட்டால் நல்ல கர்ப்பமும் மெதுவாகத்தான் தெரியும்.

மெதுவாக ஏறினால் எல்லாம் முடிந்தது என்று பொருளில்லை என்றேன். அதன் மறுபக்கத்தை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நன்றாக ஏறினால் எல்லாம் சரி என்றும் பொருளில்லை. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகின்றன. அப்படித் தங்கியவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில், எச்சிஜி நல்ல கர்ப்பத்தில் ஏறுவதைப் போலவே ஏறும். இன்னும் சிலவற்றில் சாதாரணக் கருச்சிதைவைப் போல இறங்கும். எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், இறங்கிக்கொண்டே இருந்தாலும் கருக்குழாய் வெடிக்கலாம். ‘நம்பர் நல்லா ஏறுதுல்ல, பயப்படாதே’ என்று சொல்லப்படும் ஆறுதல் உயிரைப் பறிக்கக்கூடியது.

நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, லேசான ரத்தக்கசிவு, தலைசுற்றல் எது வந்தாலும் முந்தைய நாள் ரிப்போர்ட்டை மறந்துவிட வேண்டும். தோள்பட்டை வலி பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் ஏமாற்றும். குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அது உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பு வழியே வலி தோளின் நுனியில் தெரியும். வீட்டில் அதை வாயுப்பிடிப்பு என்று எடுத்துக்கொண்டு ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள், தைலம் தேய்ப்பார்கள். படுத்தால் வலி கூடும், எழுந்தால் மயக்கம் வரும். அந்த நேரத்தில் கூப்பிட வேண்டியது 108ஐ. விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயமில்லை இது.

ஸ்கேனும் எண்ணும் சேர்ந்தே பேச வேண்டும் என்பது அடுத்தது. எச்சிஜி 1,500 அல்லது 2,000 தாண்டியும் கருப்பைக்குள் ‘சாக்’ எனப்படும் கருவின் பை தெரியவில்லை என்றால் அது குழாய்க் கர்ப்பமாகவோ கலைந்ததாகவோதான் இருக்கும் என்று ஒரு காலத்தில் கற்பிக்கப்பட்டது. அதை நம்பிக் கருவைக் கலைக்கும் ஊசி போட்டும் சுத்தம் செய்தும் நல்ல கருக்கள் இழக்கப்பட்டிருக்கின்றன. இரட்டைக் கரு என்றால் எண் சீக்கிரமே எகிறும். சாக்குகள் அப்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். இப்போது அந்த எல்லையை 3,500 வரை உயர்த்திவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 2013இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஒரு முக்கியமான கட்டுரை, உடல்நிலை சீராக இருக்கும் பெண்ணுக்கு ஒரே ஒரு எச்சிஜி அளவை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்றது. இதயத்துடிப்புக்கும் அது அளவு சொன்னது. உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் கரு 7 மில்லிமீட்டர் நீளம் வந்தும் துடிப்பு இல்லை என்றால், அல்லது சாக் 25 மில்லிமீட்டர் விரிந்தும் கரு தெரியவில்லை என்றால் மட்டுமே ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்கு முன்பு என்றால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

வலியோ ரத்தப்போக்கோ இல்லாத பெண்ணிடம் ‘ஹார்ட் பீட் வரல, இன்னைக்கே க்ளீன் பண்ணிடலாம்’ என்று யாராவது சொன்னால், கரு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

எண் குறைவு என்றதும் புரோஜெஸ்டிரான் மாத்திரையோ ஊசியோ எழுதும் வழக்கமும் நம்மிடையே ஊறிவிட்டது. 2019இல் பிரிட்டனில் 4,153 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவை இங்கே நினைவுபடுத்த வேண்டும். தொடக்கத்தில் ரத்தக்கசிவு கண்ட பெண்களில் புரோஜெஸ்டிரான் பெற்றவர்களில் 75 சதவீதம் பேருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. புள்ளியியல்படி இது பெரிய வேறுபாடில்லை. ஏற்கெனவே கருச்சிதைவு ஏற்பட்டு, இப்போதும் ரத்தக்கசிவு உள்ள பெண்களுக்குப் பலன் தெரிந்தது. பிரிட்டனின் வழிகாட்டுதல் 2021 முதல் அவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறது. அந்த மருந்துக்கு உரிய இடம் அது. எச்சிஜி குறைவாகத் தெரிந்ததற்காக எல்லோருக்கும் எழுதினால் பெண்ணின் கையில் பை நிறைய மாத்திரைதான் மிஞ்சும்.

சில கர்ப்பங்கள் நிற்பதில்லை. இதையும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். 1988இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்துப் பார்த்த ஆய்வில், பதிந்த கருக்களில் 22 சதவீதம், கர்ப்பம் என்று யாரும் அறியும் முன்பே முடிந்துபோனது தெரியவந்தது. பின்னர் நடந்த சிதைவுகளையும் சேர்த்தால் 31 சதவீதம். முன்பெல்லாம் நான்கு நாள் தள்ளிப்போய் வந்த மாதவிலக்கு என்று கடந்துபோனதைத்தான் இன்று 38 என்றும், பிறகு 19 என்றும், பிறகு 4 என்றும் எண்களாகப் பார்க்கிறோம். தொடக்கத்தில் நேரும் சிதைவுகளில் பாதிக்குக் கருவின் குரோமோசோம் பிழையே காரணம். மாடிப்படி ஏறியதும், டூவீலரில் போனதும், பப்பாளி ஒரு துண்டு தின்றதும் அந்தப் பிழையை உண்டாக்காது. ‘நீ கவனமா இருந்திருக்கணும்’ என்ற சொல்லை எந்த மாமியாரும், எந்தத் தாயும், எந்தக் கணவரும் இறங்கிவரும் அந்த எண்ணின் மேல் ஏற்றிவைக்கக் கூடாது.

குழந்தைக்காகப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெறும் பெண்களுக்கு இந்த எண் தரும் வாதை தனி. கரு வைத்த இரண்டு வாரத்தில் ‘பீட்டா வந்துச்சா?’ என்று சுற்றம் முழுக்கக் கேட்கிறது. கருமுட்டையை வெளியேற்றப் போடும் ஊசியிலேயே எச்சிஜிதான் இருக்கிறது என்பதும், அதன் மிச்சம் 10 முதல் 14 நாள் வரை ரத்தத்தில் தங்கலாம் என்பதும் எல்லோருக்கும் சொல்லப்படுவதில்லை. அவசரப்பட்டு வீட்டிலேயே கிட் வாங்கிப் பார்த்து, இரண்டு கோடு கண்டு, இனிப்பு வாங்கி, ஐந்தாம் நாள் நொறுங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள். ஊசி போடும் அன்றே நர்ஸ் அதைச் சொல்லிவிட்டால் போதும்.

இதே ஹார்மோன் 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ‘டபுள் மார்க்கர்’ பரிசோதனையில் மறுபடி வருகிறது. அங்கே முடிவு 1:180 என்பதுபோல வரும். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று அதற்குப் பொருளில்லை. அத்தகைய 180 பேரில் 179 பேரின் குழந்தைக்கு அது இருக்காது. அடுத்த கட்டப் பரிசோதனை வேண்டுமா என்று பேச அழைக்கும் எண் அது.

எண்ணை நம்பாதே என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணே எல்லாமுமாக இருக்கும் ஓர் இடம் உண்டு. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று நம் பாட்டிமார் சொன்னது அது. கரு உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் கொத்துபோலப் பெருகும். எச்சிஜி லட்சங்களில் போகும். சில நேரம் அளவுக்கு மீறி இருப்பதாலேயே பரிசோதனைக் கருவி குழம்பி, குறைவு என்றும் காட்டிவிடும். அதை அகற்றிய பிறகு எண் இயல்புக்கு வரும்வரை வாரம் ஒருமுறையும், பிறகு சில மாதங்களுக்கு மாதம் ஒருமுறையும் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். ஏனென்றால் முழுமையான முத்துப்பிள்ளையில் 15 முதல் 20 சதவீதம், அகற்றிய பின்னும் உள்ளே தங்கிப் பெருகக்கூடியது. அது கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயாகவும் மாறலாம். இறங்கிக்கொண்டிருந்த எண் நின்றாலோ ஏறினாலோ அதுதான் முதல் எச்சரிக்கை.

1950களில் அமெரிக்காவின் பெதெஸ்டாவில், தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீ என்ற சீன வம்சாவளி மருத்துவர் இந்தப் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார். நுரையீரலில் பரவியிருந்த கட்டிகள் எக்ஸ்ரேயில் மறைந்தன. அந்தக் காலத்தில் அத்தோடு நிறுத்துவதே வழக்கம். சிறுநீரில் எச்சிஜி இன்னும் இருக்கிறது, அது போகும்வரை நிறுத்த மாட்டேன் என்றார் லீ. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு நச்சு மருந்தா என்று மேலிடம் கொதித்தது. அவர் வேலையை இழந்தார். எண் இயல்புக்கு வரும்வரை மருந்து பெற்ற பெண்கள் பிழைத்தார்கள். 1972இல் லாஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது. அதே 1972இல், அதே பெதெஸ்டாவில்தான் இந்த ஹார்மோனின் பீட்டா பகுதியை மட்டும் பிரித்து அளக்கும் முறையை ஜூடித் வைட்டுகைட்டிஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். ஆல்ஃபா பகுதி தைராய்டைத் தூண்டும் ஹார்மோனிலும் இருப்பதால், பீட்டாவைப் பிடித்தால்தான் துல்லியம் கிடைக்கும். இன்று தெருமுனை ஆய்வகத்தில் நாம் கொடுக்கும் ரத்தத்தின் வேர் அங்கே இருக்கிறது. தொடர்ந்து பார்ப்பதற்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட பரிசோதனை இது.

ஆகவே சில கோரிக்கைகள். ஆய்வகங்கள் பீட்டா ரிப்போர்ட்டில் அந்த அகன்ற அட்டவணையை மட்டும் அச்சிட்டு அனுப்பக் கூடாது. ‘இந்த ஓர் எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம், 48 மணி நேரம் கழித்து இதே ஆய்வகத்தில் மீண்டும் எடுங்கள், வயிற்றுவலியோ மயக்கமோ இருந்தால் உடனே மருத்துவமனை செல்லுங்கள்’ என்று தமிழில், பெரிய எழுத்தில் மேலே இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நேரமும் குறிக்கப்பட வேண்டும். பரிசோதனைக்கு எழுதித் தரும் மருத்துவர், எதற்காக எடுக்கிறோம், அடுத்தது எப்போது என்பதைச் சீட்டிலேயே எழுதிவிடலாம், நான்கு வரிதான்.

முத்துப்பிள்ளை அகற்றப்பட்ட பெண்களுக்கு அரசின் கவனம் தனியாக வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் கொடுக்கிறார். பிரசவம் வரை தொடர்கிறார். குழந்தை இல்லை என்று ஆகிவிட்ட பெண் அந்தத் தொடர்ச்சியிலிருந்து விடுபட்டுவிடக் கூடாது. வாரா வாரம் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறுவது, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கூலியையும் தின்னும். மூன்றாவது வாரத்தில், ‘இப்ப நல்லாத்தானே இருக்கேன்’ என்று நின்றுவிடுவார். ரத்தத்தைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து, மாதிரியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் 2021 முதல் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் மாநிலம் இது. அந்த வீட்டு வரிசையில் இந்தப் பெண்களின் பெயரையும் சேர்த்து, வாரம் தவறினால் கதவைத் தட்டி ரத்தம் எடுத்துவரச் சொல்ல மக்கள் நல்வாழ்வுத் துறையின் ஓர் உத்தரவு போதும்.